போதகர் மோசஸுக்குத் தெரிந்திருந்தது

ரந்தாவ் பசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது சபைச் செயலாளர் போன் செய்தார். போதகர் மோசஸ் காலமாகிவிட்டாராம். எனக்கு அழுகை வரவில்லை. மீனைச் சுத்தம் செய்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சபையார் நீங்கள் அவருடைய நினைவு மலருக்கு எழுதக் கேட்டீர்கள். அவரை அறிந்த உங்களிடம் பொய் எழுத எனக்கு மனமில்லை.

நம் தோட்டத்துக் கோவிலில் பெரிய வெள்ளிதோறும் அவர் செய்தது ஒரே பிரசங்கம். யூதர்கள் கிறிஸ்துவைக் கொன்றார்கள். தேவன் அவர்களைத் தள்ளிவிட்டு, அந்த இடத்தைச் சபைக்குக் கொடுத்தார். "ஒடிஞ்ச கிளை ஒடிஞ்சதுதான்" என்பார். நீங்கள் ஆமென் என்றீர்கள். சிலுவையில் அறைந்தது ரோமச் சிப்பாய்கள் என்று ஒருவரும் எழுந்து சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆனால் ஞாயிறு பள்ளியில் சொன்னேன். இயேசுவுக்கு எட்டாம் நாளில் விருத்தசேதனம் செய்தார்கள், அவர் ஜெப ஆலயத்தில் வாசித்தார், யூதர்களின் பஸ்கா பண்டிகையைக் கொண்டாடினார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒருநாள் போதகர் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வந்து, 'இயேசு ஒரு யூதர்' என்று நான் பலகையில் எழுதியிருந்ததைக் கைக்குட்டையால் துடைத்தார்.

"மரியாள் யாரு பாஸ்டர்? உங்க பேரு யாரோட பேரு?" என்று கேட்டேன்.

"அடுத்த வாரத்திலேருந்து நீங்க வகுப்பு எடுக்க வேணாம் லா, எஸ்தர்" என்றார், பிள்ளைகள் முன்னிலையில். சபைக் குழுவும் அதற்குக் கையெழுத்துப் போட்டது. போட்டவர்கள் இதைப் படிக்கிறீர்கள்.

அதன்பின் இரண்டு வருடம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. என் அம்மா சாகக் கிடந்தபோது, நான் கூப்பிடாமலே மழையில் மோட்டார் சைக்கிளில் வந்தார். அம்மாவின் காதருகே குனிந்து, மேய்ப்பனைப் பற்றிய சங்கீதத்தைப் பார்க்காமல் சொன்னார். அவசரமே இல்லாத குரல். அம்மாவின் மூச்சிரைப்பு மெல்லத் தணிந்தது.

அவரை வழியனுப்ப வாசல் வரை போனேன். என் கோபம் அப்போதும் அடங்கவில்லை. "இப்ப நீங்க சொன்னது ஒரு யூத ராஜாவோட பாட்டு, பாஸ்டர்."

"தெரியும்" என்றார். "அதையெல்லாம் சொன்னா சபை குழம்பிப் போயிடும்."

அடுத்த பெரிய வெள்ளியும் அதே பிரசங்கம்தான். தெரியாமல் சொன்னவர் என்றால் மன்னித்திருப்பேன்.

இனி அந்தச் சங்கீதத்தை எங்கே கேட்டாலும் எனக்கு அவர் குரல்தான் ஒலிக்கும். நான் விரும்பி வைத்துக்கொண்டதல்ல, ஆனால் அம்மா கடைசியாகக் கேட்டது அந்தக் குரலைத்தான். அதை வைத்துக்கொள்கிறேன். மன்னிப்பை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.