கட்டி வைத்த தலைப்பு

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு தமிழ்ப் பத்திரிகையில் அப்போது நான் துணை ஆசிரியன். வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்குவது என் வேலை. அறுபத்தேழு ஜூனில் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் மூண்ட போர் ஆறே நாளில் முடிந்தது. சமாதானப் பேச்சுதான் முடிகிற வழியாக இல்லை. ஐ.நா. தூதர் ஒருவர் கெய்ரோ, அம்மான், ஜெருசலம் என்று அலைந்துகொண்டிருந்தார். பிடித்த நிலத்தை விட்டு வெளியேறு, பிறகு பார்க்கலாம் என்றது ஒரு தரப்பு. நேருக்கு நேர் உட்கார்ந்து பேசு, பிறகு பார்க்கலாம் என்றது மறு தரப்பு. எழுதி எழுதி எனக்கு எரிச்சல் வந்ததுதான் மிச்சம்.

அச்சுக் கோப்பவருக்கும் அலுத்துப்போயிற்று. 'ஐ.நா. தூதர் கெய்ரோ பயணம்: அமைதிப் பேச்சில் முன்னேற்றம்' என்று ஒருமுறை கோத்த பெரிய எழுத்துகளைக் கலைக்காமல் நூலால் கட்டி வைத்துக்கொண்டார். அடுத்த முறை ஊர்ப் பெயரை மட்டும் மாற்றுவார். முன்னேற்றம் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். யார் இதையெல்லாம் உட்கார்ந்து படிக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஒருத்தி படித்தாள். குவீன்ஸ்டவுனில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் புருஷன் கப்பலில் இஞ்சின் அறை ஆள். போர் தொடங்கியபோது சூயஸ் கால்வாயில் போய்க்கொண்டிருந்த அந்தக் கப்பல், கால்வாயை மூடிவிட்டதால் அங்கேயே நின்றுவிட்டது. மறு வருஷம் ஆவணியில் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

சித்திரையில் அவனிடமிருந்து கடிதம் வந்தது. கப்பலில் ஆள் மாற்றுகிறார்கள், இப்போதே ஊர் வந்து சேரட்டுமா, கால்வாய் திறந்ததும் கப்பலோடு வரட்டுமா என்று கேட்டிருந்தான். பாதியில் இறங்கினால் மறுபடி வேலை கிடைப்பது சந்தேகமாம். அவள் பத்திரிகையும் கையுமாக எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, முன்னேற்றம்னு நாலு தடவ போட்டுட்டீங்க. ஆவணிக்குள்ள தொறந்துரும் லா? இருந்தே வாங்கன்னு எழுதிடவா?"

எங்கள் சோம்பேறித்தனத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. என் பத்திரிகையை நானே பொய் என்பதா? "பேச்சு நடந்துக்கிட்டுத்தாம்மா இருக்கு," என்று மழுப்பினேன். அவளுக்கு அது போதுமாயிருந்தது. அவள் எழுதியபடியே அவன் தன் முறையை இன்னொருவனுக்கு விட்டுக்கொடுத்தான்.

ஆவணி வந்தது. கால்வாய் திறக்கவில்லை. முகூர்த்தத்தைத் தள்ளி வைக்க முடியாது என்று காத்தோங்கில் இருந்த மாப்பிள்ளை வீட்டார் கறாராகச் சொல்லிவிட்டார்கள். தம்பதியாக உட்கார்ந்துதான் தாரை வார்க்க வேண்டும். அதனால் பெண்ணின் தாய்மாமனும் அவர் மனைவியும் மணையில் உட்கார்ந்தார்கள். பெற்றவள் கூட்டத்தோடு கூட்டமாக ஓரத்தில் நின்று பார்த்தாள். அப்பனோடு சேர்த்து அம்மாவின் இடமும் போய்விட்டது.

பந்தி முடிந்ததும் பொறுக்க முடியாமல் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முன்னேற்றம் எதுவும் இருந்ததேயில்லை, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றேன். நாலு பேர் முன்னால் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"அவரு வரட்டுமான்னுதாண்ணே கேட்டாரு. நான்தான் வேணாம்னு எழுதுனேன்," என்றாள்.