உப்புக்காற்றின் மேல் போட்ட பழி

கணினிக்கு மழைக்கோட்டு மாட்டிவிட்டவன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கருவாட்டு மூட்டையை மூடும் தடித்த பாலித்தீன் தாளைப் பாம்பனில் வாங்கிவந்து, கீழக்கரை அலுவலகத்துச் சர்வரின் மேல் போர்த்திச் சணலால் கட்டினேன். மூச்சுவிட வழியில்லாமல் அது சூடேறி, மதியச் சாப்பாட்டுக்குள் அணைந்துபோனது. படித்தது பொறியியல்.

காரணம் இல்லாமல் இல்லை. மென்பொருளில் எதையாவது மாற்றினால், நேற்றுவரை ஒழுங்காக ஓடியது இன்றும் ஓடுகிறதா என்று பார்க்க வரிசையாகச் சோதனைகளை ஓட்டுவோம். வரவேண்டிய விடை முன்பே எழுதப்பட்டிருக்கும். ஓர் எழுத்து பிசகினாலும் சிவப்பு. டேட்டாபேஸுக்கான சோதனைகளை எழுதிய புண்ணியவான் நான். அவை மதுரைத் தலைமை அலுவலகத்தில் பச்சை, கீழக்கரையில் சிவப்பு. நிரலும் ஒன்று, சோதனையும் ஒன்று. இங்கே கூடுதலாக இருப்பது கடல்தானே? இந்தக் கரையில் ஜன்னல் கம்பி துருப்பிடித்தாலும், மிக்ஸி நின்றாலும், மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டாலும் குற்றவாளி உப்புக்காற்றுதான். நானும் விசாரணையை அதோடு முடித்துவிட்டேன்.

என்னோடு வேலை பார்த்தவர் கீழக்கரைக்காரர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். அலுவலகமே அவரை லாத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடும். ஐம்பதை நெருங்கும் என்னை அவர் தம்பி என்பார். பாலித்தீனைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்ன தம்பி, மையத்துக்குக் கஃபன் துணி சுத்துன மாதிரி சுத்தி வச்சிருக்கிய? உசுரு கிசுரு இருக்கா?"

அவர் சிரித்தாலும் அது அவருக்குச் சிரிக்கிற நேரமில்லை. பாம்பனில் ஓர் ஐஸ் கம்பெனிக்கு எங்கள் மென்பொருளைக் கொடுத்திருந்தோம். அங்கிருந்த சின்னக் கணினியில் இடம் நிரம்பிக்கொண்டே வந்தது. டேட்டாபேஸ் நீளமான குறிப்புகளைச் சுருக்கித்தான் சேமிக்கும். இன்னும் நன்றாகச் சுருக்கும் ஒரு புதிய முறைக்கு அனைத்தையும் மாற்ற லாத்தா மாதக்கணக்கில் உழைத்திருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் பச்சையானால் அது போகும்; இல்லையென்றால் பழைய முறையே இருக்கட்டும், அந்த வேலையைத் தூக்கி ஓரமாக வையுங்கள் என்று முதலாளி சொல்லிவிட்டார். சிவப்பு என் சோதனைகளில். வெட்டுப்படப்போவது அவருடைய உழைப்பு.

லாத்தா ஒரே ஒரு காரியம் செய்தார். நிரல் ஒன்றுதான் என்றாலும், கீழக்கரை இயந்திரத்தின் அமைப்பில் புதிய முறை, மதுரையில் பழையது. மதுரை இயந்திரத்தில் அந்த ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு என் சோதனைகளை ஓட்டினார். அங்கேயும் சிவப்பு.

"மதுரைக்கும் உப்புக்காத்து வந்துருச்சு தம்பி" என்றார்.

தகவல் டேட்டாபேஸில் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்ற எண்ணையும் சேர்த்து விடையாக எழுதி வைத்திருந்தேன். சுருக்கும் முறை மாறினால் அந்த எண் மாறாமல் என்ன செய்யும்?

"துபாய்க்குப் பெட்டி கட்டுறப்ப அதே உடுப்ப நான் மடிச்சா ஒரு பெட்டி, எங்க வீட்டுல அவுக மடிச்சா ரெண்டு பெட்டி. உடுப்பு எல்லாம் இருக்கான்னு பாக்கப் பெட்டியவா அளப்பாக?"

நான் உடனே ஒரு வழி சொன்னேன். எல்லாச் சோதனைகளின் தலையிலும் பழைய முறையையே பயன்படுத்து என்று ஒரு வரி. தேநீர் ஆறுவதற்குள் எல்லாம் பச்சை.

"பச்சையாயிரும். புது முறைய யாரு சோதிக்கிறது, பாம்பன்காரவுகளா?"

சரி, இரண்டு விடைகளை எழுதி வைப்போம், எது வந்தாலும் சரி என்றேன்.

"நாளைக்கு மூணாவது முறை வந்தா மூணாவது விடையாக்கும். உங்கள மாதிரி வாத்தியாரு கிடைச்சிருந்தா எங்க வீட்டுப் பிள்ளைக எல்லாம் டாக்டராயிருக்கும்."

பிறகு ஒவ்வொரு சோதனையாகத் திறந்து, இது எதைத் தெரிந்துகொள்ள எழுதியது என்று என்னைக் கேட்டார். பெற்ற தகப்பனுக்கே பல பிள்ளைகளின் பெயர் தெரியவில்லை. போட்ட தகவல் முழுசாகத் திரும்பி வருகிறதா என்று பார்ப்பவற்றில் இடக் கணக்கை நீக்கி, தகவலை மட்டும் ஒப்பிடவைத்தார். சுருங்கியதா என்று பார்ப்பவற்றில் எண்ணுக்குப் பதிலாக, மூலத்தைவிடச் சிறியதா, ஆமாவா இல்லையா, அவ்வளவுதான். ஏதோ ஒரு முறையை மட்டுமே குறிவைத்து எழுதிய ஒன்றிரண்டில்தான் அந்த முறையைப் பெயர் சொல்லிக் கட்டிவைத்தார். பிறகு மொத்தத்தையும் இரண்டு இயந்திரங்களிலும் இரண்டு முறைகளிலும் ஓட்டினார்.

வியாழன் பிற்பகல் எல்லாம் பச்சை, புதிய முறையில் ஒன்றைத் தவிர. இந்த முறை என் மேல் குற்றமில்லை. பழைய குறிப்புகளைப் புதிய முறைக்கு மாற்ற லாத்தா எழுதிய நிரலில், மிக நீளமான குறிப்புகளின் வால் வெட்டுப்பட்டிருந்தது. அதைப் பிடித்த சோதனை முதலிலிருந்தே சிவப்பாகத்தான் இருந்திருக்கிறது. என் பொய்ச் சிவப்புகளின் கூட்டத்தில் யார் கண்ணிலும் படவில்லை. நான் சொன்ன குறுக்குவழியில் போயிருந்தால் அதுவும் பச்சையாகி, வால் இல்லாத குறிப்புகள் பாம்பனுக்குப் போயிருக்கும்.

விடிந்தால் கெடு. முகம் வாடும் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, "அல்ஹம்துலில்லாஹ், மாட்டுச்சு" என்றார். அடுத்தவர் பிழையைப் பிடித்துவிட்டு மலர்ந்த முகங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்றைத் தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன். தன் பிழையைப் பிடித்து மலர்ந்த முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை ஊர் ஜும்ஆத் தொழுகைக்குக் கிளம்பிய நேரத்தில், இரண்டு இடத்திலும் இரண்டு முறையிலும் எல்லாம் பச்சை. முதலாளி சரி என்றார்.

புதியதைப் போட நாங்கள் பாம்பனுக்குப் போனோம். ஐஸ் கம்பெனி சூப்பர்வைசரிடம் லாத்தாவின் பெருமையை, பெட்டி, உடுப்பு, வால் எதையும் விடாமல் நான் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு பழைய பதிவைத் திறந்து, நீளமான குறிப்பைக் கடைசி வரிவரை உருட்டிப் பார்த்தார்.

"எல்லாம் முன்ன இருந்தாப்புலதான் இருக்கு. அப்ப, ஒண்ணும் மாறாம இருக்கத்தானா சார் ரெண்டு பேரும் இம்புட்டுப் பாடுபட்டிய?"