புற்றா, கிருமியா

என் வீட்டுக்காரருக்கு மூத்திரப் பையில் இருந்த புற்றுக்கட்டியைச் சுரண்டி எடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எண்பதுகளின் கடைசி. கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் இருந்த தொழிற்சாலைக்கு மறுபடி ஃபெர்ரி ஏறிப் போக ஆரம்பித்திருந்தார். அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரி டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"மூத்திரத்துல வந்த செல் சரியில்ல. புற்று திரும்பியிருந்தா பையையே எடுக்க வேண்டி வரும். ஆனா ஒரு வைரஸ் புகுந்த செல்லும் இதே வேஷம் போடும். அதையும் பாத்துடலாம்."

பையை எடுத்துவிட்டால் வயிற்றில் ஓட்டை போட்டு வெளியே பிளாஸ்டிக் பை மாட்டிவிடுவார்கள். அதை மாட்டிக்கொண்டு எப்படி வேலைக்குப் போவது என்று அவர் கவலைப்பட்டார். எனக்கோ ஆள் இருப்பாரா என்பதே கவலை. வைரஸாக இருக்கணும் சாமி என்று வேண்டிக்கொண்டேன். இருக்கிற நோய்க்கு மேல் இன்னொரு நோயைக் கொடு என்று நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

வீட்டிலேயே மூத்திரத்தைப் போத்தலில் பிடித்து, ஆஸ்பத்திரி லேபில் கொண்டுபோய்க் கொடுத்தோம். நிபோங் திபாலிலிருந்து வந்திருந்த நாத்தனாரும் கூட வந்தார். கொஞ்ச நேரத்தில் லேபில் வேலை செய்யும் நம்ம தமிழ்ப் பெண் வெளியே வந்தாள்.

"அக்கா, போத்தல்ல என்னா போட்டீங்க?"

"ஒண்ணும் போடலியேம்மா."

"ஸ்லைடு பூரா மணலு மாதிரி இருக்கு லா. செல்லே தெரியல."

பின்னாலிருந்து நாத்தனார், "மணலு இல்லம்மா, திருநீறு. கோயில்ல வாங்குனது. ஒரு சிட்டிகைதான் போட்டேன்" என்றார். நானும் வீட்டுக்காரரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

"அம்மா, நெத்தியில வைங்க, யாரு வேணாம்னா? போத்தல்ல போட்டா நான் எப்படிப் பாக்கறது?"

"திருநீறு கெடுதலா பண்ணும்?"

"கெடுதல் பண்ணல, மறைக்குது."

இப்போதே புதுசாகக் கொடுத்தால் இன்றே பார்க்கலாம் என்று இன்னொரு போத்தலைக் கொடுத்தாள். வீட்டுக்காரர் கழிவறைக்குப் போனார், வெறும் போத்தலோடு திரும்பி வந்தார். தண்ணீர் குடித்தார். மறுபடி போனார், மறுபடி வந்தார்.

"ராத்திரி பூரா தூங்கவிடாம வந்துச்சு. இப்பக் கேட்டா ஸ்ட்ரைக் பண்ணுது."

வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு ஆள், "பைப்பத் தொறந்துவிட்டு நில்லுங்கண்ணே, சத்தத்துக்குத் தானா வரும்" என்றார். வந்தது. போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். மூத்திரத்தை மெஷினில் வைத்துச் சுற்றினால் செல்லெல்லாம் அடியில் தங்கும். அதைக் கண்ணாடித் துண்டில் தடவி, அந்த வைரஸை மட்டும் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளும் மருந்தை விடுவார்களாம். அந்த மருந்தோடு ஒரு சாயமும் சேர்ந்திருக்கும். இருட்டறை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது, வைரஸ் இருந்தால் பச்சையாக மின்னும்.

"மின்னலேன்னா?" என்று கேட்டேன்.

அவள் போத்தல் மூடியை இறுக்கிக்கொண்டே, "டாக்டர் சொல்லுவாரு அக்கா" என்றாள்.

டாக்டரைப் பார்க்கும் நாள் வரை சோறு கொதித்து வழிந்தாலும் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

"பச்சையா மின்னுது. வைரஸ் இருக்கு" என்றார் டாக்டர். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "இருங்கம்மா. சின்ன வயசுலேயே நிறையப் பேரு உடம்புல புகுந்து தூங்கற கிருமி இது. இது இருக்குன்னா புற்று இல்லேன்னு அர்த்தம் இல்ல. ரெண்டும் ஒரே வீட்டுல குடியிருக்கும். குழாய் விட்டு உள்ள பாத்தாத்தான் தெரியும்."

கும்பிட்ட கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

குழாய் விட்டுப் பார்த்தார்கள். சந்தேகப்பட்ட இடத்தில் கிள்ளி எடுத்த சதையையும் சோதித்தார்கள். புற்று இல்லை. பையை எடுக்க வேண்டாம், ஆனால் விடாமல் வந்து சோதித்துக்கொள்ளணும், மூத்திரம் சிவப்பாகப் போனால் உடனே வரணும் என்றார்கள். வெளியே வந்ததும் அவர், "இரு, ஒண்ணுக்குப் போய்ட்டு வந்துர்றேன்" என்று போனார். நான் கழிவறை வாசலிலேயே நின்றேன். உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஆம்பளைகள் வருவதும் போவதுமாக என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

"என்னா நெறம்?" என்று கத்திக் கேட்டேன்.