மீசை வரதனும் டைட்டில் வாக்குமூலமும்

"டைட்டில் ஓடி முடியறதுக்குள்ள கொலகாரன் யாருன்னு சொல்லிடுவேன். ஒரே ஒரு வாட்டி தப்பாச்சுன்னா இந்த மீசைய எடுத்துட்றேன்."

முட்டுக்காட்டில் படகு ஓட்டும் வரதன், கேளம்பாக்கத்துத் தியேட்டர் ஒன்றின் கேன்டீன் முன்னால், கையில் முட்டை போண்டாவுடன் இப்பிரகடனத்தை வெளியிட்டார். மீசையும் லேசுப்பட்டதல்ல. படகேற வரும் ஐ.டி. பிள்ளைகள் முதலில் அதோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு, அப்புறம்தான் லைஃப் ஜாக்கெட் மாட்டுவார்கள்.

டைட்டில் ஓடும் நேரத்தை உலகம் பாப்கார்ன் வாங்கும் நேரமாகக் கருதுகிறது. வரதனுக்கு அது படத்தின் வாக்குமூலம். இருட்டில் குழாய் சொட்டும். பொம்மை தலையைத் திருப்பும். நடிகர்களின் பெயர்கள் குளிர்ஜுரம் கண்டவைபோல நடுங்கும்.

"நம்மள பயமுறுத்தத்தான் காட்றான்னு நெனச்சிகினு கீற. நடுவுல ஒரு எடத்துல மியூசிக்கு மூச்சப் புடிக்கும் பாரு. அப்போ ஸ்கிரீன்ல இன்னா கீதோ, அதான் ஆளு" என்பார்.

அந்த நொடியில் அவருடைய வலது கை தானாக எழுந்து மீசையை முறுக்கும். அடுத்து வாய் திறக்கும். சுற்றியுள்ள நான்கு வரிசைகளும் மிச்சப் படத்தை ஏ.சி.க்காக உட்கார்ந்து கழிக்கும். "அண்ணாத்த, உனுக்குப் புண்ணியமா போவும், பால்கனிக்குப் போயேன்" என்று கெஞ்சியவர்கள் உண்டு. பால்கனிக்காரர்கள் கெஞ்சித்தான் அவர் கீழே வந்திருக்கிறார் என்பதை அவர்கள் அறியார்.

பெரும் நஷ்டம் அவர் மனைவி அம்சாவுக்கு. தன் நாஸ்தா கடையில் இட்லி ஊற்றும்போதும் போனில் கொலைக்கதை கேட்கிற பெண்மணி. ஆனால் கல்யாணமான நாள் முதல் ஒரு கொலைகாரனையாவது தானாகக் கண்டுபிடிக்கும் பாக்கியம் வாய்க்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை, புதுப்படத்துக்கு டிக்கெட் வாங்கிய கையோடு சொல்லிவிட்டார்.

"உள்ள போய் வாயத் தொறக்கக் கூடாது. இன்டர்வெல்ல ரெண்டு பேரும் சொல்லுவோம். இன்னிக்கும் நீயே ஜெயிச்சேன்னா, இனிமே உன்கூட சினிமாவுக்கு வரமாட்டேன். எங்கக்காகூட போய்க்கிறேன்."

"உங்கக்கா டைட்டில்லயே தூங்கிடுமேம்மே."

"தூங்கட்டும். வாயாவது மூடிகினு இருக்கும்."

டைட்டில் ஓடியது. ஒரு தாலாட்டு, ஆடும் காலித் தொட்டில், கார் சாவி, ரப்பர் கையுறைக்குள் மெதுவாக நுழையும் விரல்கள். தாலாட்டு சட்டென்று நின்று, கையுறை மறைந்ததும் மறுபடி தொடங்கியது.

வரதனின் கை மீசைக்குப் போயிற்று. பெருமையோடு பக்கத்தில் திரும்பினார். அம்சா கண் கொட்டாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய விரல்கள் மேலுதட்டில், இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டிருந்தன.

படத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுக்கும் நல்ல டாக்டர் ஒருவர் வந்தார். எந்நேரமும் முறைக்கும் டிரைவர் ஒருவன் வந்தான். இடைவேளையும் வந்தது.

"நீ மொதல்ல சொல்லு" என்றார் அம்சா. விரல் இன்னும் மேலுதட்டை விட்டு இறங்கவில்லை.

வரதன் போண்டாவை நிதானமாக மென்றார்.

"டிரைவர்தான். மூஞ்சப் பாத்தாலே தெர்ல?"

"டிரைவரா?" அம்சாவின் முகத்தில் டியூப்லைட் எரிந்தது. "யோவ், டாக்டருய்யா. கையுறை வந்தப்போ மியூசிக்கு நின்னுச்சே, கவனிக்கல?"

"நின்னுதா? போண்டா ஞாபகத்துல இருந்துட்டேன் நானு."

டாக்டருக்கு விலங்கு மாட்டியபோது, அம்சா சீட்டைவிட்டு எழுந்து விசிலடித்தார். வீடு வரைக்கும் ஷேர் ஆட்டோவில் இருந்த அத்தனை பேருக்கும் கையுறையின் மகத்துவத்தை விளக்கிக்கொண்டு வந்தார். வரதன் வாய் பிளந்து, முதல்முறை கேட்பவர்போலக் கேட்டார்.

மறுநாள் முட்டுக்காட்டில் படகேற வந்த ஐ.டி. பிள்ளைகள், படகோட்டியின் மழமழப்பான முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, நேராக லைஃப் ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்கள்.