தேங்காய் வைத்துப் பழகிய ஏற்றம்

கிளிநொச்சியின் கண்டாவளைப் பக்கத்தில் உயரம் என்று சொல்லத்தக்கவை இரண்டுதான். ஒன்று தொலைபேசிக் கோபுரம், மற்றது குளக்கட்டு. மீதியெல்லாம் தோசைக்கல் மாதிரித் தட்டை. இந்தத் தட்டை நிலத்தில் எட்டு வருடமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வான் ஓடுகிறவள்தான் ஜெயரூபி.

வானை வாங்கியது அவளுடைய கணவன் பரமேஸ்வரன். வயல்காரனான அவனுக்கு வான் ஓடத் தெரியாது, அதனால் சம்பளத்துக்கு ஒரு சாரதியை வைத்திருந்தான். அந்த மனுசன் ஒரு மழைநாளில், கலியாண வீட்டு ஹயர் ஓட்டம் ஒன்று கிடைத்ததென்று பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். நனைந்து நடுங்கி வந்த பிள்ளைகளைக் கண்ட அன்றே ஜெயரூபி, "இனி ஒருத்தரும் வேண்டாம், நானே ஓடுறன்" என்று சொல்லிவிட்டாள். ஊர் சிரித்தது. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாதுதான். ஆனால் அவள் பழகி, லைசென்ஸ் எடுத்து, ஒரு நாளும் பிந்தாமல் ஓடத் தொடங்கிய பிறகு, சிரித்த அதே வாய்கள்தான் இப்போது காலையில் படலையடியில் நின்று, "ஜெயா அக்கா, ஒரு நிமிசம் நில்லுங்கோ, சப்பாத்து மட்டும் போட்டு விடுறன்" என்று கெஞ்சுகின்றன.

பயண ஆசையைக் கிளப்பிவிட்டவள் கனடாவில் இருக்கும் தங்கச்சி ராஜினி. புரட்டாசி பிறந்தால் போதும், அவளிடமிருந்து வீடியோ வந்துவிடும். வளைந்து வளைந்து ஏறுகிற மலைப்பாதை, இரண்டு பக்கமும் சிவப்பும் மஞ்சளுமாய்ப் பழுத்த மரங்கள், நடுவில் கறுப்புக் கண்ணாடி போட்ட ராஜினி. இந்த முறை கூடவே ஒரு குரற்பதிவும் வந்தது. "அக்கா, இலை பழுக்கிற காலம். இந்த ரோட்டில ஒருக்கா ஓடினால் சீவியத்துக்கும் காணும்."

"எங்கட ஊரில இலை மஞ்சளாப் போனால் யூரியா போடுவமடி" என்று ஜெயரூபி பதில் அனுப்பினாள்.

அனுப்பிவிட்டுத் தனியே சிரித்தாள். ஆனால் அன்று பள்ளிக்கூடம் விடும்வரை வானுக்குள் இருந்து அதே வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அவள் படித்த காலத்தில் பிள்ளைகளை மலைநாட்டுக்குச் சுற்றுலா கூட்டிப்போக முடியவில்லை, சண்டையால் பாதை பூட்டிக் கிடந்தது. பாதை திறந்த பிறகோ வயல், வீடு, வான் என்று நாட்கள் போய்விட்டன. நாற்பது வயது தாண்டியும் அவள் ஒரு மலையைக் கிட்டப் பார்த்ததில்லை. நம்முடைய நாட்டிலும் மலை இருக்கிறதுதானே என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றிய உடனேயே ஆசை பிடித்துக்கொண்டது.

இரவுச் சாப்பாட்டின்போது மெல்லச் சொல்லிப் பார்த்தாள். சிறுபோகம் வெட்டி முடிந்துவிட்டது, காலபோக விதைப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது, போயா விடுமுறையும் சனி ஞாயிறோடு சேர்ந்து வருகிறது, பள்ளிக்கூடமும் இல்லை. பரமேஸ்வரன் மறுப்பான் என்று நினைத்து நாலு நியாயம் தயாராக வைத்திருந்தாள். அவனோ ஒரே சொல்லில், "போவம்" என்றான். நாலு நியாயமும் வீணாய்ப் போயின.

பிறகு வீடு கலியாண வீடாகிவிட்டது. மகள் பிரஷாந்தினி கைத்தொலைபேசியில் பாதை பார்த்தாள். கண்டி, றம்பொடை, நுவரெலியா, வெலிமடை, அப்படியே எல்ல வரைக்கும். ஒவ்வொரு வளைவையும் அவள் விரலால் பெருப்பித்துக் காட்ட, ஜெயரூபியின் கைகள் வெறுங்காற்றில் ஸ்டியரிங்கைத் திருப்பின. பரமேஸ்வரனின் தாய், மாமி இராசேஸ்வரிக்குக் கவலை வேறு. "புரட்டாசிச் சனியில அங்க மரக்கறிச் சாப்பாடு கிடைக்குமோ?" என்று கேட்டா. பிறகு குளிர் ஞாபகம் வந்தது. ராஜினி எப்போதோ அனுப்பிய கனடாக் கோட்டு அலுமாரிக்குள் பூச்சி உருண்டையோடு கிடந்தது. மாமி அதை எடுத்துப் போட்டுப் பார்த்தா. கிளிநொச்சி வெயிலில், குசினிக்குள், முழங்கால் வரைக்கும் தொங்குகிற கோட்டோடு நின்று, "இது காணும் போல கிடக்கு" என்று வியர்த்து வழியச் சொன்னா. பிரஷாந்தினி நிலத்தில் உருண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அடங்க முதலே பரமேஸ்வரன் சாதாரணமாகச் சொன்னான். "யோகலிங்கத்திட்டையும் கதைச்சுப்போட்டன். அவன் வந்து வானை ஓடுவான்."

யோகலிங்கம் பரமேஸ்வரனின் மச்சான், மாமியின் தமையன் மகன். நுவரெலியாவிலிருந்து மரக்கறி லொறி ஓடுகிறவன்.

"ஏன், என்ர கைக்கு என்ன?" என்று ஜெயரூபி கேட்டாள்.

"கைக்கு ஒண்டுமில்லை, ஜெயா. றோட்டுதான் வேற. அது மலை. இஞ்ச நீ ஓடுறது நேர் றோட்டு."

மாமியும் சேர்ந்துகொண்டா. "ஓம் பிள்ளை, நீ பின்னுக்கு என்னோட இரு. எனக்குத் தலை சுத்திச் சத்தி வந்தால் பை பிடிக்க ஒரு ஆள் வேணும்."

ஜெயரூபி சட்டிகளை அள்ளிக்கொண்டு கழுவப் போனாள். தன்னுடைய வானில், தன்னுடைய ஆசைக்குப் போகிற பயணத்தில், கடைசி ஆசனத்திலிருந்து பை பிடிப்பதா? மலையைப் பக்கக் கண்ணாடியால் பார்ப்பதல்ல அவளுடைய ஆசை. முன்கண்ணாடி நிறைய மலை வரவேண்டும், ஒவ்வொரு வளைவும் தன் கையால் திரும்பவேண்டும். அது இல்லையென்றால் ராஜினியின் வீடியோவே போதுமே! கோபத்தில் அன்று அவள் கழுவிய சட்டிகளுக்குக் காது இருந்திருந்தால் செவிடாகியிருக்கும்.

அடுத்த நாள் காலை யோகலிங்கத்துக்கே தொலைபேசி எடுத்தாள். "அண்ணை, மலையில அப்பிடி என்ன கஷ்டம்?"

அவன் வஞ்சகம் இல்லாத மனுசன். "ஏறுறது கஷ்டமில்லை, தங்கச்சி. ஏத்தத்தில நிப்பாட்டிப்போட்டுத் திருப்பி எடுக்கிறதுதான் வேலை. பின்னால பஸ்காரன் முட்டிக்கொண்டு நிப்பான். ஒரு சாண் பின்னுக்குப் போனாலும் துலைஞ்சுது."

சரி, ஏற்றத்தில் நின்று எடுத்துப் பழகவேண்டும். தட்டை நிலத்தில் ஏற்றத்துக்கு எங்கே போவது? கோபுரத்தில் வான் ஏறாது. மிஞ்சியது குளக்கட்டு. வயல் பக்கத்திலிருந்து கட்டுக்கு ஏறுகிற சரிவு ஒன்று உண்டு, நெல் மூட்டை ஏற்றிய உழவு ரக்ரரே மூச்சு வாங்கித்தான் ஏறும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிய கையோடு அவள் வானை அங்கே விட்டாள். பாதிச் சரிவில் நிறுத்தி மறுபடி எடுத்தாள். வான் ஏறியதுதான், ஆனால் முதலில் பின்னுக்குப் போனதா இல்லையா என்று உள்ளே இருந்தவளுக்குத் தெரியவில்லை. தனியாளாக ஓடிக்கொண்டு வெளியே நின்றும் பார்ப்பதெப்படி?

யோசித்தவளுக்கு ஒரு வழி கிடைத்தது. வானின் பின்சக்கரச் சில்லுக்குப் பின்னால் ஒட்டி ஒரு தேங்காயை வைத்தாள். வான் வழுக்கினால் தேங்காய் உடையும், உடையாவிட்டால் வென்றாள். பயணம் வெளிக்கிடும்போது சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து நசிக்கிற ஊரில், தேங்காயை வைத்து நசியாமல் பார்க்கிற முதல் ஆள் அவள்தான்.

முதல் நாள் உடைந்தது. இரண்டாம் நாளும் உடைந்தது. அதன் பிறகு ஒரு நாள், உருண்டு வாய்க்காலுக்குள் விழுந்தது. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று தெரியாமல் அவளே சிரித்துவிட்டாள். உடைந்த தேங்காயை எறிய எந்தக் குடும்பகாரிக்கு மனம் வரும்? எல்லாம் குசினிக்கு வந்தன. காலையில் சம்பல், மத்தியானம் பால்கறி, இரவு சொதி, புட்டுக்கு மாவுக்குச் சமமாய்த் தேங்காய்ப்பூ. பரமேஸ்வரன் விரலைச் சூப்பிக்கொண்டு, "என்ன, இந்தக் கிழமை வீட்டில ஒரே விசேசம்?" என்றான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், மாமியிடம் தேங்காயை மறைக்க முடியாது. அவா ஒரு பாதியை எடுத்து மூக்கருகே பிடித்தா.

"பிள்ளை, இந்தத் தேங்காய் ஏன் ரயர் மணக்குது?"

ஜெயரூபி உள்ளதைச் சொன்னாள். பின்னேரத்துக்குள் வீடு முழுக்கத் தெரிந்துவிட்டது. பரமேஸ்வரன் புரையேறும்வரை சிரித்தான். சிரித்து முடிய, அவள் முகத்தைப் பார்த்தான். விளையாட்டில்லை என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. "ஞாயிற்றுக்கிழமை யோகலிங்கத்தை வரச் சொல்லுறன். அவன் பாத்துச் சொல்லட்டும்" என்றான்.

ஞாயிறு பின்னேரம் குளக்கட்டில் திருவிழாச் சனம். அயலட்டை முழுக்க வந்துவிட்டது. யோகலிங்கம் தன் கையாலேயே தேங்காயைச் சில்லோடு ஒட்டி வைத்தான். ஜெயரூபி எடுத்தாள். வான் ஒரு நூல்கூடப் பின்வாங்காமல் ஏறியது. கைதட்டல் எழும்பியது. யோகலிங்கம் கையைக் காட்டி அடக்கினான்.

"நல்லாத்தான் எடுத்தனீங்கள், தங்கச்சி. ஆனால் வெறும் வானை ஆரும் பிடிப்பினம். ஆக்களை ஏத்திக்கொண்டு எடுங்கோ."

கைதட்டிய கைகள் எல்லாம் சேலைத் தலைப்புக்குள்ளும் சாரத்து மடிப்புக்குள்ளும் போயின. ஒருத்திக்கு அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்தது. இன்னொருவருக்கு மாடு அவிழ்க்க நேரமாகிவிட்டது. பரமேஸ்வரனும் குளத்தில் எதையோ தேடுகிறவன் போல அந்தப் பக்கம் திரும்பி நின்றான். வானைக் கீழே கொண்டுவந்து நிறுத்திய ஜெயரூபி கதவைப் பிடித்தபடி நின்றாள். வழுக்கியிருந்தால்கூட இவ்வளவு நொந்திருக்காது.

அப்போது மாமிதான் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னுக்கு வந்தா.

"என்னடி இது? நாளும் பொழுதும் பெத்த பிள்ளையளை இவளின்ர வானில ஏத்தி விடுறியள். அப்ப வராத பயம் இப்ப எங்கயிருந்து வந்தது? பிள்ளையைக் குடுக்கலாம், நீங்கள் ஏற மாட்டியளோ?"

மாமி முன்கதவைத் திறந்து, சாரதிக்குப் பக்கத்து ஆசனத்தில் ஏறி இருந்து, கதவை அடித்துச் சாத்தினா. அதற்குப் பிறகு வெட்கமோ ரோசமோ, சனம் ஒன்றன்பின் ஒன்றாக ஏறத் தொடங்கியது. பால் வைத்தவளும் ஏறினாள், மாட்டுக்காரரும் ஏறினார். கடைசியாகப் பரமேஸ்வரன் ஏறி, நெரிசலில் யாரோ ஒருவரின் மடியில் பாதி இருந்தான். யோகலிங்கம் மட்டும் தேங்காயோடு வெளியே நின்றான்.

பாதிச் சரிவில் வான் நின்றது. யோகலிங்கம் தேங்காயைச் சில்லோடு ஒட்டி வைத்தான். ஜெயரூபி கிளச்சை மெல்ல மெல்ல விட்டாள். இயந்திரத்தின் குரல் கனத்தது, வான் ஒருமுறை குலுங்கியது. அவள் கைபிரேக்கை இறக்கினாள். வான் முன்னுக்கே போனது. பின்னால் யோகலிங்கம் முழுத் தேங்காயைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்துவது கேட்டது. வானுக்குள் எழும்பிய சத்தத்தில் குளத்து நாரைகள் எல்லாம் பறந்தன.

கட்டின் மேலே வான் நின்றதும் சனம் சிரித்துக் கதைத்துக்கொண்டு இறங்கியது. "நான் இனி லொறிக்கே போறன்" என்று யோகலிங்கம் கும்பிடு போட்டான். பரமேஸ்வரன் ஜெயரூபியின் பக்கம் வந்து, கண்ணாடிக்குள்ளால் கையை விட்டு அவள் தோளைத் தட்டினான். அவனுடைய பல்லு முழுக்கத் தெரிந்தது. மாமி மட்டும் இறங்கவில்லை.

"இறங்கேல்லையோ, மாமி?"

மாமி முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தா. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் வெட்டி முடிந்த வயல், நடுவில் நீண்டு போகிற கட்டு.

"நான் முன்னுக்கு இருந்து போனதே இல்லை, பிள்ளை. அந்தச் சண்டை நாளையில எங்களை ரக்ரர்ப் பெட்டியில ஏத்தினவை, சாமான்களோட சாமானா. இடம் இடமாப் போனனாங்கள். எங்க போறமெண்டு கேட்டால், ஓடுறவனுக்கே தெரியாது."

ஜெயரூபி மாமியின் கையை எடுத்துத் தன் கைக்குள் சிறிது நேரம் வைத்திருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டாள்.

"இப்ப எங்க போவம், மாமி?"

மாமி ஆசனத்தில் நன்றாகச் சாய்ந்து இருந்தா. முகம் முழுக்கச் சிரிப்பு.

"அதை நீ சொல்லு பிள்ளை. நீதானே ஓடுறாய்."