தீபத்துக்கு முதுகு காட்டிய அத்தை

என் தாய்மாமன் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தார். பஜ்ஜித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "பின்னாடி ஒரு வாசல் இருக்குதுங்களா?" என்று வேறு கேட்டாராம். மாப்பிள்ளை தப்பி ஓட வழி தேடுகிறார் என்று பெண்வீட்டார் பதறிப்போனார்கள். தீயணைப்பு நிலையத்தில் வேலை செய்கிறவன், எந்த வீட்டுக்குப் போனாலும் இதே புத்திதான் என்று என் அம்மா சமாதானம் சொல்லி அந்தக் கல்யாணத்தை முடித்துவைத்தாள்.

அப்படி வந்து சேர்ந்தவர்தான் அத்தை. வந்தவாசிக்கும் அப்பால் ஒரு கிராமம். அவருக்கு அண்ணாமலையார் தீபம் என்றால் காலண்டர் படம்தான். எங்கள் தெருவில் நின்று மேற்கே பார்த்தால் மலை முழுசாகத் தெரியும் என்பதில் அவருக்கு அப்படியொரு பூரிப்பு. அந்தக் கார்த்திகை பிறந்ததிலிருந்து தினமும் என்னைக் கூப்பிட்டு, தீபம் எந்த இடத்தில் தெரியும் என்று விரலை நீட்டிக் காட்டச் சொல்லுவார். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. ஊரே என்னுடையது என்கிற தோரணையில் காட்டுவேன்.

அந்த வருஷம் மழை கம்மி. திருவிழாவுக்கு மழைத் தொல்லை இல்லை என்று ஊரே சந்தோஷப்பட்டது. மாமா மட்டும் கூரைகளைப் பார்த்துப் பார்த்து முகம் வாடினார். எங்கள் தெருவில் ஓட்டு வீடு ஒன்றிரண்டுதான், மற்றதெல்லாம் கீற்றும் வைக்கோலும். மலையில் தீபம் தெரிந்த பிறகே வீட்டில் விளக்கேற்றுவது எங்கள் ஊர் வழக்கம். ஆக, ஒரே நேரத்தில் அத்தனை வாசலிலும் நெருப்பு. போதாததற்குப் பையன்கள் பனம்பூக் கரியைத் துணியில் கட்டி மாவலி சுற்றுவார்கள். பொறி பூப்பூவாய்ப் பறக்கும்.

தீபத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாமா தெரு ஜனங்களை ஒன்றுகூட்டினார்.

"தீபத்தன்னிக்கு நெருப்பு புடிச்சா எங்க வண்டி வராது. இப்பவே சொல்லிடறேன்," என்றார்.

"வண்டி வராதுன்னா உனக்கு இன்னாத்துக்குய்யா சம்பளம்?" என்றாள் பால்காரம்மா. தெருவே அவள் வாய்க்குப் பயப்படும்.

"அவ்ளோ ஜனத்துல வண்டி எப்படிக்கா பூரும்? நானே அன்னிக்குக் கோயிலாண்ட நிப்பேன். நீங்கதான் பார்த்துக்கணும்."

பிறகு வீடு வீடாகப் போனார். பீரோவில் என்ன இருக்கிறது, பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. "எழுந்து வர முடியாதவங்க யாராவது இருக்காங்களா?" என்பது ஒன்றே கேள்வி. கடைசி வீட்டில் பிள்ளை பெற்று ஒரு வாரம்கூட ஆகாத பெண் படுத்திருந்தாள். அந்த வாசலைப் பார்த்தபடி மாமா வெகுநேரம் நின்றார். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்கு வெறும் வாசல்தான் தெரிந்தது.

அன்று முழுக்கத் தெருவில் கூத்து. ஈரச் சாக்கை எப்படி வீசுவது, எரிகிற கீற்றைத் தொரட்டியால் எப்படி இழுத்துத் தள்ளுவது, பக்கத்துக் கூரையை எப்படி முதலில் நனைப்பது என்று மாமா சொல்லச் சொல்ல, பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீரை ஊற்றிக்கொண்டு சிரித்தார்கள். கடைசியாக மாமா ஒன்று கேட்டார். தீபம் தெரிகிற நேரத்தில் யாராவது ஒருவர் மலையைப் பார்க்காமல் கூரைகளைப் பார்க்க வேண்டும்.

சிரிப்பு நின்றது. "தீபத்துக்கு முதுகு காட்டறதா? ஏழு ஜென்மத்துக்கும் ஆவாதுய்யா," என்றாள் பால்காரம்மா. மற்ற பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"நான் பார்த்துக்கறேன்," என்றார் அத்தை.

"புதுசா வந்தவ, முதல் தீபம்டா அவளுக்கு!" என்று அம்மா தன் தம்பியைப் பிடித்துக்கொண்டாள். மாமா அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தீபத்தன்று சாயங்காலம் நான் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்தேன். வாசல்தோறும் திரி போட்ட அகல்கள் காத்திருந்தன. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத பெண்கள் கூப்பிய கையுடன் மேற்கே பார்த்து நின்றார்கள். ஊர் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. மலையுச்சியில் ஒரு புள்ளி சிவந்தது, அசைந்தது, எழுந்தது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" உடம்பெல்லாம் எனக்குப் புல்லரித்தது. இன்றைக்கு நினைத்தாலும் புல்லரிக்கிறது.

அந்தக் கோஷத்தைக் கிழித்துக்கொண்டு அத்தையின் குரல். "கடைசி வீடு! கடைசி வீட்டுக் கூரை!"

தீபம் தெரிந்த மாத்திரத்தில் எவனோ பொறுக்க முடியாமல் மாவலியைச் சுற்றிவிட்டான். பொறி கூரையில் விழுந்து புகைய ஆரம்பித்திருந்தது. நான் திரும்புவதற்குள் பால்காரம்மா தொரட்டியோடு ஓடிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் உள்ளே நுழைந்து தாயையும் பிள்ளையையும் பாயோடு தூக்கி வந்தார்கள். என் அம்மா பக்கத்துக் கூரையில் குடம் குடமாக ஊற்றினாள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சிரித்துக் கூத்தடித்தவர்களா இவர்கள் என்று நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். மலையில் எரிந்ததைப் பார்த்தபோது வந்த அதே புல்லரிப்பு இவர்களைப் பார்த்தபோதும் வந்தது.

சேதி கேட்டு மாமா கூட்டத்தில் முட்டி மோதி வந்து சேர்ந்தபோது கூரையில் ஒரு பாய் அகலத்துக்குக் கறுப்பு ஓட்டை, அவ்வளவுதான்.

"எல்லாரும் வெளிய வந்தாச்சா?"

"வந்தாச்சு. நீ சொன்னாப்பலயே உன் வண்டிதான் வரல," என்றாள் பால்காரம்மா, அதை என்னவோ தானே சாதித்த மாதிரி. மாமா அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். பிள்ளை வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டுத் தெருவே சிரித்தது.

அத்தை என்னைத் தனியாக அழைத்தார். "பாப்பா, தீபம் எப்படி வந்துச்சு? சின்னதா வந்து பெருசாச்சா, இல்ல ஒரேயடியா தெரிஞ்சுதா?"

"அதான் எரியுதே, திரும்பிப் பாருங்க அத்தை," என்றேன். திரும்பிக் கும்பிட்டார். மறுபடியும், "எப்படி வந்துச்சுனு சொல்லு," என்றார்.

அடுத்த வருஷமும் அவரே கூரைகளைப் பார்த்து நின்றார், அதற்கடுத்த வருஷமும். தெருவில் அது அவர் வேலை என்றே ஆகிவிட்டது. முடிந்ததும் என்னிடம் வந்து அதே கேள்வி. ஒழுங்காகக் கவனிக்கிறேனா என்று சோதிக்கிறார் போலும் என்று நினைத்து, நான் வருஷத்துக்கு வருஷம் இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியாகவே அளந்துவிட்டேன். ஊரே பார்க்கும் அந்த ஒரு கணத்தை எங்கள் தெருவில் அவர் ஒருவர்தான் பார்த்ததேயில்லை என்பது அப்போதெல்லாம் என் மண்டையில் ஏறவே இல்லை.