பதினெட்டு அங்குல வீடு

சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் ஜெயசீலி அம்மாள் வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. நான்கு தட்டுகள். 2016 டிசம்பரிலிருந்து 2023 டிசம்பர் வரை அவர் செய்த முப்பத்தோரு பொம்மை வீடுகளும் அறைகளும் அதில் அடுக்கப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு முறை: நிஜத்தில் ஓர் அடி, பொம்மையில் ஓர் அங்குலம். முதல் தட்டின் இடது ஓரத்தில் இருப்பது பிரசவ வார்டு. ஆறு கட்டில்கள், ஆறு தொட்டில்கள், ஒரு சுவர்க் கடிகாரம். அந்தக் கடிகாரத்தில் மணி எட்டு. டியூட்டி மாறும் நேரம்.

அரசு மருத்துவமனையில் முப்பத்தாறு ஆண்டுகள் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். சபைக்குக் கிறிஸ்துமஸ் குடில் செய்து கொடுக்கப் போய்த்தான் இந்தப் பழக்கம் பிடித்தது. ஊசி மருந்துக் குப்பியின் அலுமினிய மூடி அவர் கையில் சோற்றுப் பானையாகும். கழுவிய எக்ஸ்ரே பிலிம் ஜன்னல் கண்ணாடியாகும். தொண்டையைப் பார்க்க நாக்கை அழுத்தும் தட்டை மரக்குச்சியைக் கிழித்துக் கதவு செய்வார். சின்னப் பொருள்களைக் கையால் தொடுவதில்லை. நுனி மெலிந்த இடுக்கியால் எடுத்து வைப்பார். செய்து முடித்த ஒவ்வொன்றின் அடியிலும் தேதி எழுதியிருப்பார். சபையின் பதிவேடுகளை நாற்பத்திரண்டு ஆண்டுகள் எழுதியவன் என்ற முறையில் அந்தத் தேதிகளை நான் மதிக்கிறேன். இங்கே எழுதுவது முப்பத்திரண்டாவது வீட்டைப் பற்றி.

அவருடைய கணவர் ஜெபதாஸ் கணக்கு வாத்தியார். 2021இல் அவருக்கு மறதி நோய் என்று டாக்டர் சொன்னார். முதலில் சாவி, பிறகு பெயர்கள், பிறகு மனைவி. பெயர் தெரியாமல் போனதும் அவர் ஜெயசீலியை ‘சிஸ்டர்’ என்று கூப்பிடத் தொடங்கினார். முப்பத்தாறு வருடம் ஊரே கூப்பிட்ட பெயர்தான் என்று அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னார்.

2023 செப்டம்பர் முதல் தினமும் மாலை ஐந்து மணிக்கு ஜெபதாஸ் செருப்பை மாட்டிக்கொள்வார்.

“சிஸ்டர், நான் வூட்டுக்குப் போணும். நைனா தேடுவாரு.”

“இதாங்க நம்ம வூடு. காபி குடிங்க.”

“காபி குடிக்கிறேன். ஆனா இது நம்ம வூடு இல்ல.”

அவர் தேடியது பலமனேர் வீட்டை. அவர் நைனா என்று சொல்லும் தகப்பனார் அங்கே மிஷன் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். பள்ளி கொடுத்த வீட்டில்தான் ஜெபதாஸ் பிறந்து வளர்ந்தார். 1979 மே மாதம் கல்யாணமாகி வந்த ஜெயசீலி அந்த வீட்டில் இருந்தது இருபத்திரண்டு நாள். ஜூன் மாதம் மாமனார் ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்தார்கள். 2003இல் அதை இடித்துவிட்டார்கள்.

அம்மாள் தன் டியூட்டி நோட்டைப் போலவே ஒரு நோட்டு வைத்து, கணவர் வெளியே கிளம்பிப் போன நாள்களைக் குறித்திருக்கிறார். அக்டோபரில் ஒன்பது. நவம்பரில் பதின்மூன்று. டிசம்பரில் பதினேழு. டிசம்பர் 19ஆம் தேதி பலமனேர் போகும் பஸ்ஸிலேயே ஏறிவிட்டார். பங்காருபாளையத்தில் இறங்கி நின்றவரின் சட்டைப் பையில் இருந்த போன் நம்பர் அட்டையைப் பார்த்து கண்டக்டர் போன் செய்தார். “மேடம், பெத்தாயன இண்டிக்கி போவாலன்ட்டுன்னாரு” என்றார். பெரியவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார் என்று, தெலுங்கில். லாரிகள் ஓயாத பெங்களூர் ரோடு அது.

கிறிஸ்துமஸுக்குத் திருப்பதியிலிருந்து மகன் ஆண்ட்ரூ வந்தான்.

“அம்மா, உனக்கே அறுபத்தேழு வயசு. எத்தினி நாளு ரோட்ல தேடிக்கினு ஓடுவ? திருப்பதில நல்ல எடம் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். வயசானவங்களுக்குன்னே இருக்கிற எடம். எங்க வூட்ல இருந்து பத்து நிமிசம்.”

“அங்க அவருக்கு யாரு சோறு ஊட்டுவாங்க?”

“இருபத்து நாலு மணி நேரமும் நர்ஸு இருக்காங்கம்மா.”

“அப்ப நான் யாருடா, டைலரா?”

ஆண்ட்ரூ சிரிக்கவில்லை. “நைனா லாரில அடிபட்டா அப்புறம் நீயும் இருக்க மாட்ட, எனக்குத் தெரியும்” என்றான்.

அம்மாள் ஈஸ்டர் வரைக்கும் டைம் கேட்டார். ஆண்ட்ரூ ஏப்ரல் முதல் தேதிக்கு அங்கே ஓர் இடம் எழுதி வைத்தான்.

வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறவருக்கு அந்த வீட்டையே கொண்டுவந்து வைத்துவிட்டால் வெளியே போக மாட்டார் என்பது ஜெயசீலியின் எண்ணம். ஜனவரி 8ஆம் தேதி என்னிடம் வந்து அந்த வீட்டின் அளவுகள் கேட்டார். பழைய சொத்துப் பதிவேட்டில் இருந்தது. முகப்பு பதினெட்டு அடி, ஆழம் இருபத்து நான்கு அடி, வராந்தா ஆறு அடி, சுவர் ஓர் அடி கனம், மங்களூர் ஓடு. அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதற்குக் கீழே வேறொரு வரி இருந்தது. அது அளவு அல்ல என்பதால் எழுதவில்லை. அது என் தவறு.

அந்த இருபத்திரண்டு நாளில் பார்த்தது நினைவில் மங்கிவிட்டதால் மற்றதற்கெல்லாம் அவர் நம்பியது ஒரே ஒரு போட்டோ. கல்யாணமான வாரத்தில் அந்த வீட்டு வராந்தாவில் இருவரும் நிற்கும் படம். 1994இல் பழைய நெகட்டிவைக் கொடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அதில் வாசற்கதவுக்கு வலப்பக்கம் சமையலறைப் புகைக்கூண்டு தெரிகிறது, இடப்பக்கம் ஜன்னல்.

எட்டு வாரம் வேலை நடந்தது. அட்டையில் வெட்டிச் செங்காவி பூசிய ஓடுகள் 612. வராந்தாத் தூண்கள் நான்கு. மாமனாரின் சாய்வு நாற்காலி, மூன்று வரிசை பித்தளைப் பாத்திரம், சுவரில் ஒரு காலண்டர். கூரையைத் தூக்கினால் உள்ளே எல்லா அறையும் தெரியும். பக்கத்து வீட்டு ரோஜா தையல் மிஷின் போட்டிருப்பவள். திரைச்சீலைக்குத் துண்டுத் துணி கொடுத்தது அவள்தான்.

மார்ச் 2ஆம் தேதி, சனிக்கிழமை, மாலை நான்கரை மணிக்கு வீட்டை மேஜைமேல் வைத்து ஜெபதாஸை அழைத்து வந்து உட்கார வைத்தார் ஜெயசீலி. நானும் இருந்தேன். கூரையைத் தூக்கினார்.

ஜெபதாஸ் வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது கையை நீட்டி அங்கிருந்த ஜன்னலைத் தொட்டார். கையை எடுத்துக்கொண்டார்.

“அடுப்படி எங்க?”

“இந்தப் பக்கம் பாருங்க. பானையெல்லாம் இருக்குது பாருங்க.”

“இது தேவசகாயம் வாத்தியார் வூடு” என்றார் ஜெபதாஸ்.

“இல்லீங்க. நம்ம பலமனேர் வூடு. இதோ மாமா நாற்காலி.”

“எங்க நாற்காலிய இவரு ஏன் எடுத்தாந்து வெச்சிக்கினாரு?”

எழுந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். மணி ஐந்து.

தேவசகாயம் வாத்தியார் யார் என்று ஜெயசீலிக்குத் தெரியாது. அந்தப் பெயரையே அவர் கேட்டதில்லை. நோய் இவ்வளவு முற்றிவிட்டது என்று நாங்கள் இருவரும் எடுத்துக்கொண்டோம். அன்று மாலை ஆண்ட்ரூவிடம் போனில் நடந்ததைச் சொன்னார். “உன்னால ஆனத நீ பண்ணிட்டம்மா” என்று மகன் ஆறுதலாகச் சொன்னான். பெட்டியில் வைக்க நான்கு வேட்டி, ஆறு சட்டை என்று அம்மாள் ஒரு பட்டியல் எழுதினார்.

ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. ஆள் இல்லாத வீடு என்பதால் அடையாளம் தெரியவில்லையோ என்று ஒரு யோசனை. போட்டோவில் இருப்பதுபோலவே வராந்தாவில் நிற்க இரண்டு பொம்மை செய்தார். ஐந்தரை அங்குலத்தில் ஜெபதாஸ், ஐந்து அங்குலத்தில் தான். ரோஜா கொடுத்த மெல்லிய துணியில் புடவை. படத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்துக் கட்டினார்.

மார்ச் 16ஆம் தேதி ரோஜா வந்து பார்த்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

“இன்னாக்கா, பொம்மைக்கு சேட்டு வூட்டம்மா மாதிரி பொடவ கட்டி வுட்டிருக்கீங்க?”

“ஏன்டி?”

“முந்தானைய வலது தோள்ல போட்டிருக்கீங்களே. கல்யாணத்தப்போ அடகுக் கடை சேட்டு மருமகளா இருந்தீங்களா?”

“போட்டோல அப்படித்தான்டி இருக்குது.”

“போட்டோலயும் வலது தோள்லதான் இருக்குது. அதான் கேக்கறேன்.”

ஜெயசீலி போட்டோவைச் சுவரிலிருந்து இறக்கினார். முப்பது வருடம் அதைத் துடைத்தவர் அவர். வித்தியாசம் தெரியாததற்குக் காரணமும் அதிலேயே இருந்தது: தினமும் கண்ணாடியில் பார்க்கும் தன் உருவம் எப்படியோ அப்படியே படமும் இருந்தது. பீரோவின் நிலைக்கண்ணாடிக்கு முன் போட்டோவைப் பிடித்துப் பார்த்தார். கண்ணாடிக்குள் முந்தானை இடது தோளில் இருந்தது. ஜெபதாஸின் கைக்கடிகாரம் இடது மணிக்கட்டுக்கு வந்தது. புகைக்கூண்டு கதவுக்கு இடப்பக்கம் போனது. பெரிதாக்கியபோது யாரோ நெகட்டிவைப் புரட்டிப் போட்டு அச்சடித்திருக்கிறார்கள்.

அரை மணி நேரத்தில் என் வீட்டு வாசலில் நின்றார். “அண்ணா, அந்தப் பதிவேட்டை இன்னொரு தடவ எடுங்க” என்றார். எடுத்தேன். அளவுகளுக்குக் கீழே நான் விட்டுவிட்ட வரி இது: ‘நடுவில் ஒரே சுவருடன் இரட்டை வீடு. ஒன்றின் அமைப்புக்கு மற்றது எதிர்மாறு.’ குடியிருப்போர் பெயர்கள் அடுத்த பக்கத்தில் இருந்தன. முதல் வீடு, ஜெபதாஸின் தகப்பனார். இரண்டாம் வீடு, ஆர். தேவசகாயம், ஆசிரியர், 1955 முதல் 1964 வரை.

ஜெபதாஸ் சரியாகத்தான் சொல்லியிருந்தார். எட்டு வாரம் பாடுபட்டு அம்மாள் செய்தது தேவசகாயம் வாத்தியார் வீட்டைத்தான். அந்த மேஜையைச் சுற்றி இருந்த மூவரில் நினைவு சரியாக இருந்தவர் ஜெபதாஸ் ஒருவரே.

ஜெயசீலி அன்று என் முன்னால் அழுதார். நாற்பத்தைந்து ஆண்டுகளில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. “அவரு சொன்னத நம்பாம காபி குடுத்துக் குடுத்து உக்கார வெச்சிக்கினே இருந்தேன் அண்ணா” என்றார்.

ஆண்ட்ரூ கூட்டிப் போக வருவதற்குப் பதினான்கு நாள் இருந்தது. செய்ததைப் பிரிக்கவில்லை. அளவுத் தாள்களைப் புரட்டிப் போட்டுப் புதிதாக இன்னொரு வீடு எழுப்பினார். ரோஜா ஓடு வெட்டினாள். நான் காவி பூசினேன். வரிசை எண் தவறாமல் பூசினேன். பாத்திரங்களும் நாற்காலியும் காலண்டரும் இரண்டு பொம்மைகளும் பழைய வீட்டிலிருந்து இதற்குக் குடிவந்தன. பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து வந்து கடைசித் தூணை ஒட்டினார்.

மறுநாள், மார்ச் 30, ஆண்ட்ரூ காருடன் வந்தான். முன்னறையில் பெட்டி தயாராக இருந்தது. ஐந்து மணிக்கு ஜெபதாஸ் வழக்கம்போல் செருப்பை மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் போனார்.

“நைனா, கொஞ்சம் இருங்க” என்று ஆண்ட்ரூ கையைப் பிடித்தான்.

“வுடு அவர” என்றார் ஜெயசீலி. மேஜைமேல் போர்த்தியிருந்த துணியை எடுத்துவிட்டுக் கூரையைத் தூக்கினார். ஒதுங்கி நின்றார்.

ஜெபதாஸ் திரும்பிப் பார்த்தார். மேஜை அருகே வந்தார். குனிந்து வராந்தாவைப் பார்த்தார். இடது கை தானாக நீண்டு அடுப்படிக்குள் போனது. ஒரு பானையைத் தொட்டு, அதன் இடத்திலேயே சற்றுத் திருப்பி வைத்தது. பிறகு நிமிர்ந்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றினார். இரண்டையும் சேர்த்துச் சுவரோரம் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நைனா வரட்டும்” என்றார். “இங்கயே இருக்கேன்.”

ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தார். ஏழு மணிக்குச் சோறு தின்றார். ஆண்ட்ரூ வராந்தாவுக்குப் போய்த் திருப்பதிக்குப் போன் செய்து அந்த இடம் வேண்டாம் என்று சொன்னான். திரும்பி வந்து, பெட்டியிலிருந்த சட்டைகளை அவனே எடுத்து அலமாரியில் அடுக்கினான்.

நோய் குணமாகவில்லை, அப்படி யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஜெயசீலியை அவர் கடைசி வரை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார். வராந்தாவில் நிற்கும் பொம்மைப் பெண்ணைக் காட்டி, “இவங்க ரொம்ப நல்லவங்க சிஸ்டர்” என்று ஒருநாள் அவரிடமே சொன்னார். ஆனால் அம்மாளின் நோட்டுப்படி, ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒன்பது மாதங்களில் அவர் வெளியே கிளம்பியது ஐந்து முறை. ஐந்திலும் தெருமுனையைத் தாண்டவில்லை.

2025 ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு ஜெபதாஸ் காலமானார். நான்கு நாள் காய்ச்சல். கட்டிலிலிருந்து பார்த்தால் தெரியும்படி அந்த வீடு எதிரே ஸ்டூலில் இருந்தது. அடக்கப் பதிவேட்டில் ‘இறந்த இடம்’ என்று ஒரு பத்தி உண்டு. அதில் தெருப் பெயர் எழுதுவது என் வழக்கம். “வூடுன்னு போடுங்க அண்ணா” என்றார் ஜெயசீலி. வீடு என்று எழுதினேன்.

சென்ற மாதம் போனபோது அலமாரியின் கீழ்த் தட்டை அவர் காலி செய்திருந்தார். முதலில் செய்த வீட்டை இரண்டாவதன் பக்கத்தில் சுவரோடு சுவர் சேர்த்து ஒட்டியிருந்தார். தேவசகாயம் வாத்தியார் வீட்டுக்குப் புதிதாகப் பாத்திரம் செய்துகொண்டிருந்தார். நான் டேப் எடுத்து அளந்து பார்த்தேன். முப்பத்தாறு அங்குலம். பதிவேட்டின்படி முப்பத்தைந்துதான் வர வேண்டும். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் இரண்டு முறை வந்துவிட்டது. அதைச் சொன்னேன்.

ஜெயசீலி இடுக்கியில் பிடித்திருந்த பானையை வைத்துவிட்டு அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

“இருக்கட்டும் அண்ணா” என்றார். “பலமனேர்ல குளிரு ஜாஸ்தி.”